வாடகை வீட்டுக்குக் கட்டிய எச்.எஸ்.டி.யைத் திரும்பப் பெற்றது: என் அனுபவம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நான் வாங்கிய புதிய வீடு வாடகைக்கு என்பதால், தாமே குடியேறுபவருக்குக் கட்டுநர் விலையிலேயே கழித்துக்கொடுக்கும் எச்.எஸ்.டி. (மத்திய, மாகாணப் பங்குகள் சேர்ந்த விற்பனை வரி) தள்ளுபடித் தொகையை, வீடு கைமாறிய நாளில் என் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. வீட்டின் மதிப்பு 450,000 டாலரைத் தாண்டியதால் தள்ளுபடியின் மத்தியப் பங்கில் எதுவும் கிடைக்காது. மாகாணப் பங்கின் உச்சவரம்பான 24,000 டாலரை மட்டும், வாடகை வீட்டுத் தள்ளுபடிக்கான ஜிஎஸ்டி524 படிவத்தில் கோரினேன்.

முதலில் குடியேறுபவர் ஓராண்டாவது அதையே தம் முதன்மை இருப்பிடமாகக் கொள்வார் என்ற நியாயமான எதிர்பார்ப்புதான் இதற்கு அச்சாணி. ஆகவே, மாதக் கணக்கில் தங்குவதற்குக் கூடுதல் வாடகை தர முன்வந்தவரை மறுத்து, ஓராண்டு ஒப்பந்தத்துக்கு இசைந்த குடும்பத்துக்கே சாவியைக் கொடுத்தேன். ஒப்பந்த நகலையும், வழக்கறிஞர் தந்த இறுதிக் கணக்கறிக்கையையும் (அதில் எச்.எஸ்.டி. தொகை தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்) இணைத்து, விண்ணப்பிப்பதற்கான இரண்டாண்டுக் கெடுவுக்கு வெகுமுன்பே அனுப்பினேன். தொகை முழுதாக வந்து சேர்ந்தது.