ஓர் அகரம் தொலைந்தால்: லலிதா ஸஹஸ்ரநாமம் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் லலிதா ஸஹஸ்ரநாமம் சொல்லித் தருகிறேன். புதிதாக வருபவர்கள், கல்யாணமாகி மும்பைக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறுகளை அப்படியே செய்வதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. விளக்கேற்றுவது, புத்தகத்தைத் தரையில் வைக்காதிருப்பது போன்றவற்றை யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

எண் இல்லாத தமிழ்ப் புத்தகம்

தமிழில் ஒரே பகரம் நான்கு ஒலிகளுக்கு நிற்பதால், நல்ல பதிப்புகளில் எழுத்தின் அருகே 2, 3, 4 என்ற எண்கள் இருக்கும். 'பவாரண்யகுடாரிகா' என்ற நாமத்தில் வரும் 'பவ' நான்காவது பகரம். பிறவி என்னும் காட்டை வெட்டும் கோடரி அவள். முதல் பகரத்தில் சொன்னால் அங்கே பிறவி என்ற பொருளே இருக்காது. எண் போடாத புத்தகத்தை வாங்காதீர்கள்.

நாமத்தை நடுவில் உடைப்பது

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நவராத்திரிக்கு, ஸ்தோத்திரத்தை நானே, ஒவ்வொரு நாமமும் 'நம:' சேர்ந்து தனி வரியாக வரும் நாமாவளியாகப் பிரித்தெழுதி, 200 பிரதிகள் அச்சிட்டு, வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தேன். குங்கும அர்ச்சனை முடிந்தபோது எண்ணிக்கை 1003 என்று வந்தது. எண்ணியவர் தவறிவிட்டார் என்று நினைத்தேனே தவிர, என் தாளைச் சந்தேகிக்கவில்லை. பிரம்மாண்ட புராணத்தில் ஹயக்ரீவர் அகஸ்தியருக்கு உபதேசித்த இந்த ஸ்தோத்திரத்தில் ஆயிரம் நாமங்கள்தாம் உண்டு, ஒன்றுகூட இருமுறை வராது என்பது தெரிந்திருந்தும் அப்படி நினைத்தேன்.

மறுவாரம், பள்ளியில் சமஸ்கிருதம் படிக்கும் ஒரு பெண் தாளில் விரலை வைத்துக்கொண்டு, "மாமி, பரிச்சின்னா என்றால் அளவுக்கு உட்பட்டவள் என்றுதானே பொருள்? அம்பாளை நாம் அப்படியா கூப்பிடுகிறோம்?" என்று கேட்டாள். எனக்கு உடம்பு கூசிவிட்டது. அந்த நாமம் 'தேசகாலாபரிச்சின்னா'. தேச, கால, அபரிச்சின்னா; இடத்தாலும் காலத்தாலும் அளவிட முடியாதவள். 'லா' என்ற நெடிலுக்குள் ஒளிந்திருக்கும் அகரத்தைக் கவனிக்காமல், 'தேசகாலாயை நம:, பரிச்சின்னாயை நம:' என்று இரண்டாக வெட்டியிருந்தேன். எல்லையற்றவளை எல்லைக்குள் அடைத்துக் குங்குமம் போட்டிருக்கிறோம்.

மற்ற இரண்டு உபரி நாமங்களையும் அன்றிரவே தேடிப் பிடித்தேன். 'நிஜாருணப்ரபாபூரமஜ்ஜத்ப்ரஹ்மாண்டமண்டலா', 'சம்பகாசோகபுன்னாகஸௌகந்திகலஸத்கசா' இரண்டும் பதினாறு எழுத்துள்ள ஒற்றை நாமங்கள். பாதியில் நிறுத்தினால் செண்பகமும் அசோகமும் புன்னையும் ஒரு பக்கம் கிடக்க, அவற்றைச் சூடிய கூந்தல் இன்னொரு பக்கம் போய்விடும். 'ஸர்வாருணா' என்பதற்கு அடுத்த நாமம் 'அநவத்யாங்கீ', குறையில்லாத அங்கங்களை உடையவள். பாராயணத்தில் இரண்டும் சேர்ந்து 'ஸர்வாருணாநவத்யாங்கீ' என்று ஒலிப்பதால், 'நவத்யாங்க்யை நம:' என்று பொருளே இல்லாமல் அர்ச்சிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். காவிரிக்கரையில் வாழ்ந்த பாஸ்கரராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஸௌபாக்ய பாஸ்கரம் என்ற உரையை எழுதி நாமங்களை இன்னின்னவாறு பிரிக்க வேண்டும் என்று காட்டிய பிறகும் இது நடப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மூச்சு போதவில்லை என்றால் நாமம் முடிந்த இடத்தில் மூச்சு விடுங்கள், நடுவில் விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் 'யை' போடுவது

அர்ச்சனையில் 'அவளுக்கு' என்ற பொருள் வர நாமத்தின் முடிவு மாறும்; ஆனால் எல்லா நாமமும் 'யை' என்று முடியாது. ஸ்ரீமாதா என்பது 'ஸ்ரீமாத்ரே நம:' ஆகும்; 'ஸ்ரீமாதாயை' ஆகாது. வீரமாதா, விச்வமாதா இரண்டுக்கும் அப்படியே.

பம்பாய் நாக்கு

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தேவநாகரி தண்ணீர் பட்ட பாடு. நான்கு பகரமும் பிசகாமல் வரும். ஆனால் ஹிந்திப் பழக்கத்தில் சொல்லின் நடுவே வரும் அகரத்தை விழுங்கிவிடுகிறார்கள். 'சிவகாமேச்வராங்கஸ்தா' எட்டு எழுத்து. 'சிவ்காமேச்வராங்கஸ்தா' என்றால் ஏழாகி, சந்தம் தட்டும். இரண்டாவது நாமமான 'ஸ்ரீமஹாராஜ்ஞீ' இவர்கள் வாயில் 'மஹாராக்யீ' ஆகிறது. மராத்திப் பள்ளிப் பிள்ளைகள் 'த்ன்யீ' என்கிறார்கள். முதல் வகுப்பில் இந்த ஒரு நாமத்தை மட்டும் இருபது முறை சொல்ல வைக்கிறேன்.

த்யானத்தைத் தாண்டுவது

'ஸிந்தூராருண விக்ரஹாம்' என்று தொடங்கும் த்யான ச்லோகத்தைச் சொல்லாமல் நாமங்களைத் தொடங்காதீர்கள்.

வேகம்

முதல் ஆறு மாதம் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

பழைய தாள்கள்

நான் அச்சிட்ட 200 பிரதிகளில் திரும்பி வந்தவை சிலவே. செம்பூரில் ஒரு வீட்டுக் கொலுவில் மஞ்சள் கறை படிந்த ஒன்றைப் போன வருஷம் பார்த்து, அங்கேயே பேனா வாங்கித் திருத்திவிட்டு வந்தேன். உங்கள் வீட்டுப் பூஜை அலமாரியிலும் 'பரிச்சின்னாயை நம:' என்று தனி வரியாக அச்சிட்ட நாமாவளி இருந்தால், அந்த வரியையும் மேல் வரியையும் அடித்துவிட்டு, 'தேசகாலாபரிச்சின்னாயை நம:' என்று ஒரே வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.