தாடை 'டக்' சத்தமும் வலியும்: எனக்குக் கைகொடுத்தவை

காதுவலி என்றுதான் காட்டப் போனேன், காதில் ஒன்றுமில்லை. காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்தால் 'டக்'கென்று ஒரு துள்ளல். தாடை மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது திரும்ப ஏறுகிற சத்தம் அது. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. எனக்கு வலி இருந்தது. மூன்று விரல் செங்குத்தாக நுழைய வேண்டிய வாயில் இரண்டுதான் நுழைந்தது.

எனக்கு மூலகாரணம் பல்லைக் கடிப்பது. சென்னை ஓஎம்ஆர் சாலை சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் கவனித்துப் பாருங்கள், புரியும். சாப்பிடாத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடி, பல் விலகி, நாக்கு நுனி 'ன' சொல்லும் இடத்தில் இருக்கட்டும். பாதி குணம் இதிலேயே.

வெந்நீரில் பிழிந்த துணியால் 15 நிமிடம் ஒத்தடம், இருவேளை. பிறகு நாக்கை அதே இடத்தில் ஒட்டியபடி மெல்ல வாய் திறப்பது: 6 தடவை, நாளைக்கு 6 வேளை. நாக்கு விலகினால் அதிகம் திறந்துவிட்டீர்கள். முறுக்கு, கரும்பு, சூயிங்கம் கூடாது. கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே கையைக் கொடுங்கள்.

தூங்கும்போது பல்லில் மாட்டும் இரவுக் காப்பில்தான் (நைட் கார்டு) ஏமாந்தேன். வெந்நீரில் போட்டுக் கடிக்கும் மெத்தென்ற ரகம் சிலரை இன்னும் அதிகமாகக் கடிக்க வைக்கும். அளவெடுத்துச் செய்த கெட்டி அக்ரிலிக்தான் சரிப்பட்டது. பல்லை ராவிச் சரிசெய்யலாம் என்றால் அவசரப்படாதீர்கள், ராவினது திரும்பாது.

வாய் திறந்தபடி பூட்டிக்கொண்டால் அன்றே ஆஸ்பத்திரி. சென்னையில் கோட்டை ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.