அட்டைப் பெட்டிக்குள் மூச்சு விடும் பொம்மை

கைப்பிடியைச் சுற்றினால் பெட்டி மேல் ஒரு தலை ஏறி இறங்கும், அவ்வளவுதான் செய்யப் போகிறோம். கண், மூக்கு வரைவதில் நேரத்தைப் போக்காதீர்கள். நெதர்லாந்தின் கலைஞர் தியோ யான்சன் 1990 முதல் கடற்கரையில் நடக்கவிடும் உருவங்களுக்கு முகமே கிடையாது, வெறும் பிளாஸ்டிக் குழாய்கள்தான், ஆனாலும் அவை நடக்கும்போது ஏதோ விலங்கு என்றே தோன்றிவிடுகிறது.

முன்பக்கம் திறந்த பெட்டி ஒன்றை எடுத்து, இரண்டு பக்கச் சுவர்களிலும் ஒரே உயரத்தில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒன்றாக ஸ்ட்ரா துண்டு ஒட்டுங்கள். அடுத்து கேம் (cam), அதாவது சுழலும்போது தன் மேல் நிற்கும் குச்சியைத் தூக்கி இறக்கும் சக்கரம். தடித்த அட்டையில் 6 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, நடுவிலிருந்து 1 செ.மீ. தள்ளித் துளையிடுங்கள், இந்த 1 செ.மீ. தள்ளல்தான் தலையை 2 செ.மீ. தூக்கும். இதைப் பெட்டிக்குள் பிடித்துக்கொண்டு, இரண்டு ஸ்ட்ராக்கள் வழியாகவும் இந்தத் துளை வழியாகவும் மூங்கில் குச்சியை நுழைத்துவிடுங்கள். குச்சியின் வெளி முனையில் கைப்பிடி. கேமை இப்போதே ஒட்டிவிட வேண்டாம்.

மேற்கூரையில் ஓட்டை போட்டு 5 செ.மீ. ஸ்ட்ராவை நேராக நிறுத்துங்கள் (குட்டையாக இருந்தால் குச்சி சாய்ந்து சிக்கும்). இன்னொரு குச்சியின் அடியில் 5 செ.மீ. வட்ட அட்டையை ஒட்டி, உள்ளிருந்து அந்த ஸ்ட்ரா வழியாக மேலே விட்டு, கேம் மேல் உட்கார வையுங்கள். வெளியே நீட்டும் முனையில் தலை. கீழே இறங்க மறுத்தால் எடைக்கு அந்த அட்டை மேல் ஒரு இரும்பு நட்டை ஒட்டினால் சரியாகிவிடும்.

இனிமேல்தான் வேடிக்கை. கேம், தலையைத் தாங்கும் குச்சிக்கு நேர் கீழே இருந்தால் தலை ஏறி இறங்கும். அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள், ஏறும்போதே தலை திரும்பவும் செய்யும், யாரோ கூப்பிட்ட மாதிரி! பிடித்த இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் வட்டக் கேம் ஒரே தாளத்தில் ஓடும், கொஞ்ச நேரத்தில் இயந்திரம் என்று தெரிந்துவிடும். அதனால் இன்னொரு கேமை முட்டை மாதிரி கோணலாக வெட்டிப் பாருங்கள். துளையிலிருந்து விளிம்புக்கு உள்ள தூரம் மாறாத பகுதியில் தலை அசையாது, தூரம் மெல்லக் குறையும் பகுதியில் மெதுவாக இறங்கும். நின்று, பெருமூச்சு விட்டு, மறுபடி எழும். நத்தை ஓடு வடிவில் வெட்டினால் மெல்ல ஏறிப் பொத்தென்று விழும், தும்மல் மாதிரி இருக்கும். அதை மட்டும் எதிர்த் திசையில் சுற்றிவிடாதீர்கள், நான் சுற்றி ஒரு குச்சியை உடைத்தேன்.

என் பொம்மைக்குத் தலை ஒரு பாட்டில் மூடிதான். இன்னும் கண் வைக்கவில்லை.