வுட்சக்கைக் கவனித்து அறிவது எப்படி?

கிரவுண்ட்ஹாக் என்றும் அழைக்கப்படும் வுட்சக், அலாஸ்காவிலிருந்து கனடா வழியாக அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்கள் வரை பரவி வாழும், அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு. அதைக் காண விரும்புகிறவர் விலங்கைத் தேடி அலைவதை விட்டு, காட்டோரப் புல்வெளிகளிலும் வேலியோரங்களிலும் அதன் வளையைத் தேடுவதே நல்லது.

முதன்மை வாயிலின் முன்னே, உள்ளிருந்து தள்ளிய மண் மேடாகக் குவிந்திருக்கும். வுட்சக் வெயில் காய்வதும் சுற்றுப்புறத்தை நோட்டமிடுவதும் பெரும்பாலும் அந்த மேட்டில்தான். சற்றுத் தள்ளி, ஆபத்து வந்தால் சட்டென்று உள்ளே பாய்வதற்கென்றே வேறு துளைகளும் இருக்கும். அவை உள்ளிருந்து தோண்டப்படுவதால் வெளியில் மண் தெரியாது, புல்லும் மறைத்துவிடும் என்பதால், காலை உள்ளே விட்டுவிடாமல் பார்த்து நடக்க வேண்டும். வாயிலில் புதுமண் கிடந்தால் வளையில் ஆள் உண்டு. சிலந்தி வலையும் சருகும் சேர்ந்திருந்தால் வுட்சக் அதைக் கைவிட்டிருக்கலாம். அப்போதும் குச்சியை விட்டுக் கிளறக் கூடாது, ஏனெனில் கைவிட்ட வளைகளில் நரியோ முயலோ, நாற்றநீரைப் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற விலங்கோ குடியேறுவது வழக்கம்.

காலையிலும் பிற்பகல் சாய்ந்த பிறகும் அது மேய வரும். தொலைவில் அசையாமல் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்தால், க்ளோவர் என்ற தீவனச் செடியின் இலைகளைத் தின்னும் இடையிடையே பின்கால்களில் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்ப்பதைக் காணலாம். கூர்மையான சீழ்க்கை கேட்டால் அது உங்களைக் கண்டுகொண்டது என்று பொருள். எழுந்து போகாமல் பொறுத்திருங்கள், பெரும்பாலும் சிறிது நேரத்தில் தலை மீண்டும் வெளியே எட்டிப் பார்க்கும்.

அக்டோபர் வாக்கில் அது குளிர்கால உறக்கத்திற்குச் செல்கிறது. இது வெறும் தூக்கமன்று: நிமிடத்துக்கு 80-க்கு மேல் துடித்த இதயம் 10-க்கும் கீழே இறங்க, உடல் வெப்பமும் 37 டிகிரி செல்சியஸிலிருந்து 10-க்கும் கீழே சரிய, கோடையில் சேர்த்த கொழுப்பே வசந்தம் வரை அதைத் தாங்குகிறது. பென்சில்வேனியாவின் பங்க்சடானியில் 1887 முதல் பிப்ரவரி 2 அன்று ஒரு வுட்சக்கின் நிழலைப் பார்த்து வானிலை சொல்கிறார்கள். ஆனால் ஆண்டின் அந்தப் பருவத்தில் ஆண் விலங்குகள் வெளிவருவது பெட்டைகளின் வளைகள் எங்கிருக்கின்றன என்று அறிந்துகொள்ளவே. இந்த உண்மை அந்தச் சடங்கைவிடச் சுவையானது என்பது என் கருத்து.

ஏறத்தாழ 32 நாள் கருக்காலத்துக்குப் பின், கண் திறவாத, உரோமமற்ற குட்டிகள் பிறக்கின்றன. அவை வாயிலருகே விளையாடுவதைப் பார்க்க மே பிற்பகுதியும் ஜூனும் உகந்தவை. கோடையின் நடுவில் அவை தாயைப் பிரிந்து தத்தம் வளையைத் தேடிப் போய்விடும்.