மண் ஈர சென்சார் வைத்தும் புல் காய்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஸ்பிரிங்க்ளர் சுற்றுவதை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பார்த்திருப்பீர்கள். டைமருக்கு மணி மட்டும்தான் தெரியும், மண் தெரியாது. மண்ணில் ஈரம் குறைந்தால் மட்டும் வால்வைத் திறக்கத்தான் சென்சார் வைக்கிறோம். அதையும் தப்பாக வைத்தால் டைமரே தேவலை என்றாகிவிடும்.

பெரிய தவறு இடத்தில்தான் நடக்கிறது. சென்சாருக்குத் தெரிவது தன்னைச் சுற்றியுள்ள ஒரு கைப்பிடி மண் மட்டுமே. வயர் இழுக்க வசதி என்று நான் முதலில் குழாயடியை ஒட்டி நட்டேன். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. சென்சார் "ஈரம் போதும்" என்று காட்டிக்கொண்டிருக்க, எதிர்மூலையில் புல் பழுத்துவிட்டது. ஸ்பிரிங்க்ளரின் காலடி, மரநிழல், சுவரோரம் ஆகிய மூன்றையும் தவிர்த்து, நல்ல வெயில் படும் நடுப்பகுதியில் நடுங்கள்.

ஆழமும் முக்கியம். புல்லுக்கு வேர் இருக்கும் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் சென்சார் இருக்க வேண்டும். மேலாக நட்டால், மேல்மண் காய்ந்த உடனே வால்வு திறந்துவிடும். செம்பருத்தி, அரளி போன்றவற்றுக்கு இன்னும் கீழே போக வேண்டும்.

நடும்போது காற்று இடைவெளி விடாதீர்கள். கம்பி வெளியே தெரியாத கெபாசிட்டிவ் வகை சென்சார் மண்ணின் மின்காப்பு மாறிலியை, அதாவது மண் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கிவைக்கும் என்பதைக் காட்டும் எண்ணை, அளக்கிறது. அது தண்ணீருக்கு 80 அளவில், காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை, காற்றுக்கு 1. அதனால் சிறு பொந்து இருந்தால்கூட மண் வறண்டதாகவே காட்டும். அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்து, குழியில் ஊற்றி நடுங்கள். கரிசல் மண் கோடையில் வெடிக்கும். அப்போது ஒருமுறை பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

விலை குறைவு என்று இரண்டு கம்பி கொண்ட மின்தடை சென்சாரை வாங்கி நிரந்தரமாகப் புதைக்காதீர்கள். மின்னோட்டத்தால் கம்பி அரித்துப்போகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், உள்ளதைவிட அதிக ஈரத்தையும் காட்டும்.

அடுத்த தவறு, வால்வு திறக்க வேண்டிய ஈர அளவாக யாரோ சொன்ன எண்ணை அப்படியே வைப்பது. 20 சதவீதம் என்பது மணல் மண்ணில் தாராளமான ஈரம். களிமண்ணில் அதே 20-இல் செடி வாடத் தொடங்கலாம், ஏனென்றால் களிமண் தண்ணீரை வேருக்கு விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உங்கள் மண்ணுக்கான எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். நன்றாக ஊற வைத்து, மணலாக இருந்தால் ஒரு நாள், களிமண்ணாக இருந்தால் இரண்டு மூன்று நாள் வடிய விட்டு அளவைக் குறியுங்கள். அது மேல் எல்லை. பிறகு தண்ணீரை நிறுத்துங்கள். புல்லில் நடந்த கால்தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால் அது கீழ் எல்லை. இரண்டுக்கும் நடுவே வால்வு திறக்கும் அளவை வையுங்கள். எண்ணே வேண்டாம், கையால்தான் தண்ணீர் விடுகிறோம் என்பவர்களுக்கு, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய ஈரம் காட்டும் கருவி எளிது. நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என விளக்கின் நிறத்தைப் பார்த்தால் போதும்.

பலர் கவனிக்காத ஒன்று: சென்சார் "போதும்" என்று சொல்லும் வரை வால்வைத் திறந்தே வைப்பது. தண்ணீர் 15 செ.மீ. இறங்க நேரமாகும், அதற்குள் மேலே தேங்கி வழிந்தோடிவிடும். 100 சதுர மீட்டர் புல்தரைக்கு 5 மி.மீ. தண்ணீர் என்றால் 500 லிட்டர். அதை இரண்டு தவணையாக, நடுவில் அரை மணி நேரம் விட்டுக் கொடுங்கள். அப்புறம் காகிதப்பூவையும் புல்லையும் ஒரே வால்வில் சேர்க்காதீர்கள். வறட்சி தாங்கும் காகிதப்பூ, புல்லுக்கான தண்ணீரில் பூப்பது குறைந்துவிடும்.

மாதம் ஒருமுறை சென்சாருக்குப் பக்கத்தில் ஒரு சாண் தோண்டி, மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். உருண்டை உடையாமல் நிற்கிறது, சென்சாரோ வறட்சி என்கிறது என்றால், அதைப் பிடுங்கி மறுபடி குழம்பு ஊற்றி நடுங்கள்.