வயலில்லா ஊரில் வேளாண்மை முதுநிலை: சிங்கப்பூருக்குப் படிக்க வருவோருக்குச் சில குறிப்புகள்

வேளாண்மையில் மேற்படிப்புக்காகச் சிங்கப்பூர் போகிறேன் என்று நான் சொன்னபோது ஊரில் சிரிக்காதவர்கள் குறைவு. அந்தச் சிரிப்பில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவில் ஒரு விழுக்காட்டு அளவு நிலமே உணவு விளைவிக்க ஒதுக்கப்பட்டுள்ளது. இங்குள்ளோர் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. கோயம்புத்தூரில் இருப்பது போல, நெல் வயலும் தோப்பும் மாட்டுப் பண்ணையும் சூழ்ந்த முழு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இங்கே கிடையாது. ஆகவே ஊரில் நாம் அறிந்த ‘எம்.எஸ்சி. அக்ரி’ என்ற பெயரை இங்கே தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உணவு அறிவியல், சுற்றுச்சூழல் மேலாண்மை, பல்லுயிர்ப் பாதுகாப்பு என்று அதன் பங்காளிப் பட்டங்களே உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மேலாண்மை முதுநிலைப் படிப்பு 2001 முதல் நடந்து வருகிறது. இவற்றுள் எதைத் தேர்ந்தாலும், இந்த ஊர் வேளாண்மையை நிலத்திலிருந்து பார்க்காமல் தட்டிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும் ஊர் என்பதை விமானம் ஏறும் முன்பே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். விதை, உரம், பூச்சி என்று தொடங்கிய நம் படிப்பு இங்கே குளிர்சாதனக் கிடங்கு, உணவுப் பாதுகாப்பு, மின்கட்டணம், சரக்குக் கப்பல் என்று தொடரும்.

பாடவழி முதுநிலை என்பது என்ன என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். தமிழ்நாட்டில் வேளாண் முதுநிலை என்றால் இரண்டாண்டு. சேர்மன் என்ற வழிகாட்டிப் பேராசிரியர், அவருக்குக் கீழ் ஆலோசனைக் குழு, வயலில் டிரையல் எனும் சோதனை, அதையே மூன்று முறை செய்து பார்க்கும் ரெப்ளிகேஷன், கடைசியில் ஆய்வேடு. இங்குள்ள பாடவழிப் பட்டத்தில் அந்த ஆய்வேடு இருக்காது. இருந்தாலும் ஒரு பருவத்துக்குள் முடியும் சிறு திட்டப்பணியாகவே இருக்கும். முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் ஓராண்டு, பகுதிநேரமாகப் படித்தால் இரண்டாண்டு. பின்னாளில் முனைவர் பட்டம் செய்யும் எண்ணம் உடையவர்கள், திட்டப்பணியை விருப்பப் பாடமாக எடுக்க வாய்ப்பிருந்தால் அதை நழுவவிடக் கூடாது; ‘உன் ஆய்வு அனுபவம் என்ன’ என்ற கேள்விக்குக் காட்ட அது ஒன்றாவது கையில் இருக்கும்.

பணத்திலும் இந்த வேறுபாடு பெரிது. ஆய்வுவழி முனைவர் மாணவர்களுக்கு மாத உதவித்தொகை கிடைப்பதைப் பார்த்து, பாடவழி மாணவர்களுக்கும் அது கிடைக்கும் என்று நம்பி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பொதுவாகக் கிடைக்காது. வெளிநாட்டு மாணவர்கள் பாடவழி முதுநிலைக்குப் பெரும்பாலும் முழுக் கட்டணம் செலுத்துகிறார்கள். அதன்மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. கட்டணப் பக்கத்தில் இருக்கும் தொகை வரி சேர்த்ததா சேர்க்காததா என்று பார்த்துவிட்டே வங்கிக் கடனுக்கு விண்ணப்பியுங்கள்.

வரும் முன் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணவர் அனுமதி அட்டைக்குக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் சோலார் என்ற இணைய முறையில் விண்ணப்பிக்க வேண்டும். கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் வந்த பிறகே பயணம். மார்பு எக்ஸ்ரேயும் எச்.ஐ.வி. பரிசோதனையும் அடங்கிய மருத்துவ அறிக்கை தேவைப்படும். சிங்கப்பூர் வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். அனுமதி அட்டை இப்போது மின்னிலக்க வடிவில் வருகிறது. வந்து சேர்ந்ததும் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கைத் திறந்துகொண்டால் வங்கி முதல் மருந்தகம் வரை பாதி வேலை எளிதாகிவிடும்.

பெட்டி கட்டும்போது வேளாண் மாணவர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. நமக்கு விதைப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. செடி, மண் ஆகியவற்றைத் தாவர நலச் சான்றிதழும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. விதைகளுக்கும் விதிகள் உள்ளன, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா வேர் மண்ணோடு ஈரத்துணியில் சுற்றித் தரும் கறிவேப்பிலைக் கன்றை அன்போடு மறுத்துவிடுங்கள். அதைவிட முக்கியம், குருமாவுக்கென்று மசாலாப் பொருள்களோடு கசகசாவைக் கட்டித் தருவார்கள். இங்கே கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கண்காணிப்பில் வருவது. மெல்லும் புகையிலையும் மின்சிகரெட்டும்கூடத் தடைசெய்யப்பட்டவை. குருமாவுக்கு முந்திரியை அரைத்துக்கொள்ளலாம்.

தங்குமிடம் தேடும்போது பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓராண்டு முதுநிலை மாணவர்களுக்கு அது கிடைப்பது அரிது. மற்றவர்கள் வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் ஓர் அறையை வாடகைக்கு எடுப்பதே வழக்கம். வீவக அறைக்குக் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம் என்பது விதி. ‘இரண்டு மாதம் இருந்து பாருங்கள்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். நான் வந்த புதிதில் ஒரு முகவர் படங்களை மட்டும் அனுப்பி ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார், அவசரத்தில் அனுப்பிவிட்டேன். அந்த முகவரியில் போய்க் கதவைத் தட்டியபோது திறந்த பாட்டிக்கு வாடகை பற்றி எதுவுமே தெரியவில்லை. முகவர்களின் பதிவு எண்ணை அரசாங்கத்தின் பொதுப் பதிவேட்டில் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம் என்பதைப் பணம் போன பிறகே அறிந்தேன். அறையை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். விளம்பரத்தில் ‘லைட் குக்கிங்’ என்றிருந்தால் அதற்கு நூடுல்ஸ் கொதிக்க வைக்கலாம் என்று பொருள். மீன் குழம்பு வைக்கலாமா என்பதை வாய்விட்டுக் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது.

இனிப் படிப்பு. கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்கும். ஒரு பருவத்துக்குக் கற்பித்தல் 13 வாரங்கள், நடுவில் ஒரு வார இடைவேளை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் பொதுவாக 4 அலகு. ஓர் அலகுக்கு வாரம் இரண்டரை மணிநேர உழைப்பு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 40 அலகுப் பட்டத்தை ஓராண்டில் முடிக்க வேண்டுமானால் பருவத்துக்கு ஐந்து பாடம், அதாவது வாரத்துக்கு 50 மணிநேரம். வகுப்பு அட்டவணையில் வெறும் பதினைந்து மணிநேரமே தெரிவதால் இது கண்ணில் படாது. எனக்கும் படவில்லை, ஆறாவது வாரத்தில் மூன்று ஒப்படைப்புகளும் ஒரு குழுப் படைப்பும் ஒரே நாளில் வந்து விழுந்தபோதுதான் பட்டது. மதிப்பெண் முறை 5 புள்ளி அளவுகோல். அங்கே முதுநிலைப் பட்டம் பெறச் சராசரி 3.00 குறையாமல் இருக்க வேண்டும். ஊரில் 10 புள்ளி முறையில் எட்டும் ஒன்பதும் வாங்கிப் பழகியவர்களுக்கு முதல் பருவத்தின் 3.4 கலக்கத்தைத் தரும். அது தோல்வி அல்ல.

மனப்பாடத்துக்கு இங்கே மதிப்பில்லை என்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதைவிட நமக்குப் புதிது மேற்கோள் ஒழுக்கம். ஒரு நூலின் பத்தியைச் சொல் மாற்றி எழுதிவிட்டு மூலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது திருட்டு. மென்பொருள் கண்டுபிடித்துவிடும், விசாரணை வரும். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது குறித்து ஒவ்வொரு பாடத்துக்கும் தனி விதி இருக்கலாம். பாட விவரத் தாளை முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள். குழுப்பணியில் அமைதியாக இருந்து அதிக வேலை செய்வது நம்மவர்களின் வழக்கம். சக மாணவர்களின் மதிப்பீடும் சேரும் பாடங்களில், பேசாதவர் வேலை செய்யாதவராகவே கணக்கிடப்படுவார்.

என் பார்வையை மாற்றிய நாள் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே வீவக பல மாடி வாகன நிறுத்துமிடங்களின் மொட்டை மாடியில் காய்கறிப் பண்ணைகள் உண்டு. அப்படி ஒன்றுக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். கீழே கார்கள் ஏறி இறங்கும் சத்தம், மேலே குழாய்களில் ஊட்டச்சத்து நீர் ஓட, வரிசையாகக் கைலான், சைசிம் என்ற சீனக் கீரைகள். பொறுப்பாளர், நீரில் கரைந்துள்ள ஊட்ட உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. மீட்டரை நீரில் நனைத்து 1.8 என்று படித்துவிட்டு, ‘இதை நீங்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள்’ என்றார். பிறகு ஒரு கீரைக்கட்டை நிறுத்து, ‘இதற்கு ஆன மின்சாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, எல்லை தாண்டி மலேசியாவிலிருந்து லாரியில் வரும் கட்டு என்ன விலை, சொல்லுங்கள்’ என்று கேட்டார். எட்டுப் பேரில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்றே எண்ணி வளர்ந்த எனக்கு, ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட் என்ற கேள்வி அதுவரை எழுந்ததே இல்லை.

அந்தக் கேள்விதான் இந்த நாட்டின் வேளாண் கொள்கையையும் ஆட்டி வைத்திருக்கிறது. 2019-இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு தொடங்கப்பட்ட ஆண்டிலேயே, 2030-க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டில் விளைவிப்பது என்று இலக்கு வைத்தார்கள். முட்டையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எட்ட முடிந்தது. காய்கறியில் 3 விழுக்காட்டைச் சுற்றியே நின்றது. மின்செலவும் கட்டுமானச் செலவும் தாளாமல் சில பெரிய உள்ளரங்கப் பண்ணைகள் மூடப்பட்டன. 2025 நவம்பரில் பழைய இலக்கைக் கைவிட்டு, 2035-க்குள் காய்கறி, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடும் முட்டை, கடல் உணவு போன்ற புரதத்தில் 30 விழுக்காடும் என்று மாற்றி அமைத்தார்கள். எனவே, அடுக்கடுக்காகப் பயிர் வளர்க்கும் ‘செங்குத்துப் பண்ணையில் வேலை’ என்ற ஒரே கனவோடு வருபவர்கள் அதைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. உணவுப் பரிசோதனைக் கூடம், தரக் கட்டுப்பாடு, மீன் வளர்ப்பு, விளைபொருள் வணிகம் ஆகியவற்றில் இடம் கூடுதல். ஓலாம், வில்மார் போன்ற பெரும் வேளாண் வணிக நிறுவனங்களின் தலைமையகங்கள் இங்கேதான் உள்ளன. ரப்பரின் உலக விலையைப் பார்க்கச் சிங்கப்பூர்ச் சந்தையை நோக்குகிறார்கள்.

ரப்பர் என்றதும் ஓர் இடைச்செருகல். 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர் கன்றுகள் இங்குள்ள தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் வெட்டும் முறையை அங்கேதான் வகுத்தார். மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் வந்ததன் பின்னணியில் அந்தக் கன்றுகளும் உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் வாருங்கள். அங்கோ வேறு பூங்காவிலோ கீழே கிடக்கும் மாங்காயைக்கூட எடுக்காதீர்கள், அது அரசாங்கச் சொத்து. செடி வளர்க்கும் கை அரிப்பு உள்ளவர்கள் குடியிருப்பின் சமூகத் தோட்டத்தை நாடலாம். அங்கே முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்க்கும் மூத்த தமிழர் ஒருவராவது இருப்பார், அவரை ‘அங்கிள்’ என்றழைத்துப் பேச்சுக் கொடுத்தால் இரண்டாம் வாரமே வீட்டுக்குக் கீரை வந்துவிடும்.

காய்கறிக்கு லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காச் சந்தை. அதை ஒட்டியுள்ள பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும், ஒன்று ஆங்கிலத்திலும் மற்றது மலாயிலும், எருமையின் பெயரைத் தாங்கியவை. அந்த வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டு வணிகத்துக்குப் பேர்போனது. சந்தையில் ஒவ்வொரு கூடையிலும் எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்டுப் பழகுங்கள். வெண்டைக்காய் எங்கிருந்து, சின்ன வெங்காயம் எங்கிருந்து, ஏற்றுமதித் தடை வந்தால் விலை என்னாகிறது என்று கடைக்காரர் சொல்வது, விநியோகச் சங்கிலிப் பாடத்தின் பாதி.

வேலை செய்துகொண்டே படிப்பதைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையத்தின் முழுநேர மாணவர் பருவ காலத்தில் வாரத்துக்கு 16 மணிநேரம் வரை வேலை செய்யலாம். பட்டியலில் இல்லாத தனியார் நிலைய மாணவருக்கு அந்த உரிமை இல்லை. சேரும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். முன்பு சொன்ன 50 மணிநேரத்தோடு இந்தப் பதினாறையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பட்டம் முடிந்தபின், உள்ளூர் உயர்கல்வி நிலையப் பட்டதாரிகள் வேலை தேட ஓராண்டு நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மாணவர் அனுமதி காலாவதியாகும் வரை காத்திருக்காதீர்கள். வேலை அனுமதியில் எம்பிளாய்மென்ட் பாஸ் பெற 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வயது கூடக் கூட அந்த வரம்பும் உயரும். அதோடு காம்பஸ் என்ற புள்ளிமுறையில் 40 புள்ளி தேவை. பண்ணையின் தொடக்கநிலை வேலைகள் பெரும்பாலும் அந்தச் சம்பளத்தைத் தொடுவதில்லை. நேர்காணலில் இதை நாகரிகமாகக் கேட்டுவிடுவதே இரு தரப்புக்கும் நல்லது.

ஊருக்குத் திரும்பி உதவிப் பேராசிரியர் பணிக்கோ அரசு வேளாண் துறைக்கோ விண்ணப்பிக்க நினைப்பவர்கள், ஓராண்டுப் பாடவழிப் பட்டம் அங்கே இரண்டாண்டு முதுநிலைக்குச் சமமாக ஏற்கப்படுமா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சமநிலைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டமும் மணிநேரக் கணக்கும் கேட்கப்படலாம். பல்கலைக்கழக இணையக் கணக்கு மூடப்பட்ட பிறகு அவற்றைத் தேடி எடுப்பது பெரும்பாடு. கடைசிப் பருவத்தில், பட்டமளிப்பு அங்கிக்கு அளவு கொடுக்கும் வாரத்திலேயே, எல்லாப் பாட விவரத் தாள்களையும் இறக்கிச் சேமித்து, முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலின் மூன்று படிகளை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.