போடாக்ஸா, டிஸ்போர்ட்டா, ஸியோமினா? சுருக்க ஊசிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

சென்னையில் ஒரு தோல் கிளினிக்கில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். முகச் சுருக்கத்துக்கான ஊசியை டாக்டர்தான் போடுவார். ஃப்ரிட்ஜிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, சலைன் விட்டுக் கலந்து, சிரிஞ்சில் இழுத்து வைத்து, எந்த இடத்தில் எத்தனை யூனிட் போனது என்று ஃபைலில் எழுதுவது என் வேலை. மருந்து கலக்கிற அந்த மேஜையிலிருந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு அண்ணி வந்திருந்தார். சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒதுக்கும்போது மெதுவாகக் கேட்டார்: “உங்க கிளினிக்ல எந்த பிராண்ட் போடுறீங்க? நான் போட்டது அஞ்சே வாரத்துல போயிடுச்சு. போடாக்ஸைவிட நல்லதா வேற வந்திருக்காமே?”

“உங்களுக்குப் போட்டது என்ன மருந்து அண்ணி?”

“போடாக்ஸ்தான்.”

“குப்பியைக் காட்டினாங்களா? எத்தனை யூனிட்னு சொன்னாங்களா?”

இல்லை. போனில் பில்லை எடுத்துக் காட்டினார். ‘நெற்றி ஊசி – 1’ என்று ஒரு வரி, பக்கத்தில் 9,000 ரூபாய். நம் ஊரில் போட்டோ காப்பி எல்லாம் ஜெராக்ஸ் ஆனதுபோல இந்த ஊசி எல்லாமே போடாக்ஸ் ஆகிவிட்டது. என்ன மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் அதைவிட இது நல்லது என்று நான் எப்படிச் சொல்வேன்? அன்று இரவு அண்ணிக்கு உட்கார்ந்து விளக்கியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முதலில் கண்ணாடி முன்னால்

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நின்று கண்ணாடியைப் பாருங்கள். கோபமாக முறைப்பதுபோலப் புருவத்தை நெரியுங்கள். பிறகு புருவத்தை உயர்த்துங்கள், கடைசியில் நன்றாகச் சிரியுங்கள். அப்போது மட்டும் தோன்றி, முகத்தைத் தளர்த்தியதும் மறைகிற கோடுகளுக்குத்தான் இந்த ஊசி நன்றாக வேலை செய்யும். முகம் சும்மா இருக்கும்போதும் பள்ளமாகத் தெரிகிற கோடு மென்மையாகலாம், முழுக்கப் போகாது. கன்னம் ஒட்டிப்போவதற்கும் தோல் தொங்குவதற்கும் இது மருந்தே இல்லை. உள்ளே நிரப்புகிற ஃபில்லர் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வருகிறவர்கள் நிறைய.

எல்லா பிராண்டும் அடிப்படையில் ஒரே பொருள்தான்: பொட்டுலினம் டாக்ஸின் ஏ வகை, அதாவது ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு. நரம்பு தசைக்குக் கொடுக்கிற ‘சுருங்கு’ என்ற செய்தியை, அதாவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியாவதை, இது தடுக்கிறது. தசை தளர்கிறது, மேலே தோல் மடிவது குறைகிறது. சில மாதத்தில் நரம்பு மீண்டுவிடும். முதலில் இது கண் மருத்துவத்தில் வந்த மருந்து. மாறுகண்ணுக்கும் தானாக இறுக மூடிக்கொள்ளும் இமைக்கும் 1989-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கருத்தர்ஸ் என்ற கண் மருத்துவர், இமைக்கு ஊசி போட்டவர்களின் புருவ மத்திக் கோடும் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டருடன் சேர்ந்து அதை 1992-இல் வெளியிட்டார். அழகுக்காகப் போட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002-இல் அனுமதித்தது.

யூனிட் என்றால் எந்த யூனிட்?

ஒப்பிடுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஒரு யூனிட் என்பது மில்லிகிராம் போல எங்கும் ஒரே அளவு கிடையாது. மருந்தின் வீரியத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தப் பரிசோதனை முறையில் அளந்து வைத்த கணக்கு அது. ஆகவே ஒரு நிறுவனத்தின் 10 யூனிட்டும் இன்னொன்றின் 10 யூனிட்டும் சமமாகாது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே எண்ணிக்கையில் போடக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கும்.

புருவ மத்தியை வைத்துப் பாருங்கள். குறிப்பில் உள்ளபடி போடாக்ஸ் 5 இடத்தில் 4 வீதம் 20 யூனிட். ஜெர்மனியின் மெர்ஸ் தயாரிக்கும் ஸியோமினும் 20. கொரியாவில் தயாராகி அமெரிக்காவில் 2019-இல் வந்த ஜூவோவும் 20. ஆனால் இப்சென் நிறுவனத்தின் டிஸ்போர்ட் 50 யூனிட். 2022-இல் அங்கே அனுமதி பெற்ற டாக்ஸிஃபை 40.

இப்போது விலைக்கு வாருங்கள். புரிவதற்காக ஒரு கணக்கு: ஓர் இடத்தில் போடாக்ஸ் யூனிட் 350 ரூபாய், இன்னோர் இடத்தில் டிஸ்போர்ட் யூனிட் 150 ரூபாய் என்கிறார்கள். இரண்டாவது பாதி விலைக்கும் குறைவாகத் தெரிகிறது. புருவ மத்திக்கு முதலாவது 7,000 ரூபாய், இரண்டாவது 7,500 ரூபாய். யூனிட் விலையைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். “இந்த இடத்துக்கு, இந்த மருந்தில், எனக்கு எத்தனை யூனிட் போடுவீர்கள், மொத்தம் எவ்வளவு?” என்று கேளுங்கள். மொத்தத்தை அது நிற்கிற மாதங்களால் வகுத்துப் பாருங்கள். உண்மையான விலை அதுதான்.

இன்னொரு குழப்பம் சிரிஞ்சில் இருக்கிறது. பல கிளினிக்குகளில் இன்சுலின் சிரிஞ்சில்தான் இந்த மருந்தை இழுப்போம். அதில் இருக்கும் எண்கள் இன்சுலினுக்கானவை. 100 யூனிட் போடாக்ஸ் குப்பியில் 2.5 மில்லி சலைன் கலந்தால், சிவப்பு மூடி போட்ட 40 அளவு சிரிஞ்சில் ஒரு கோடு சரியாக ஒரு யூனிட். அதையே ஆரஞ்சு மூடி போட்ட 100 அளவு சிரிஞ்சில் இழுத்தால், 10 என்ற கோடு வரை இருப்பது 4 யூனிட் மட்டுமே. ஒருமுறை ஒரு அம்மா சிரிஞ்சைப் பார்த்துவிட்டு, “எனக்கு 50 யூனிட் போட்டாங்க” என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். ஃபைலில் 20 என்று இருந்தது. சிரிஞ்சை எண்ணாதீர்கள். எவ்வளவு சலைன் கலந்தார்கள் என்று கேளுங்கள், ஃபைலில் எழுதிய எண்ணைப் பாருங்கள்.

சலைன் அதிகம் கலப்பது தன்னளவில் மோசடி ஆகாது. குப்பியில் உள்ள யூனிட் மாறாது, தண்ணீர்தான் கூடும். சில இடங்களுக்கு டாக்டர்கள் வேண்டுமென்றே நீர்க்கக் கலப்பார்கள். நீர்த்த மருந்தைக் கெட்டியானது என்று கணக்குச் சொல்லி விற்றால்தான் தப்பு. அண்ணிக்கு ஐந்து வாரத்தில் போனதற்கு அது காரணமா, யூனிட்டே குறைவாகப் போட்டார்களா என்று அந்த பில்லை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

பிராண்டுகளுக்குள் உண்மையில் என்ன வித்தியாசம்

என் கண்ணில் பட்டதைச் சொன்னால், சரியான அளவு போட்டால் போடாக்ஸ், டிஸ்போர்ட், ஸியோமின் மூன்றிலும் இரண்டாவது வாரம் வருகிற முகத்தைப் பார்த்து எது எதுவென்று என்னால் சொல்ல முடியாது. மூன்றும் பொதுவாக 3 முதல் 4 மாதம் நிற்கும். டிஸ்போர்ட் ஓரிரு நாள் முன்னதாகப் பிடிக்கிறது என்றும், கொஞ்சம் அகலமாகப் பரவுகிறது என்றும் சொல்வார்கள். பரவுவது எவ்வளவு நீர்க்கக் கலந்தார்கள், எவ்வளவு போட்டார்கள் என்பதையும் பொறுத்தது.

டிஸ்போர்ட்டில் பசும்பால் புரதம் மிகச் சிறிய அளவில் இருக்கலாம். பால் புரத அலர்ஜி உள்ளவர்களுக்கு அது கூடாது. பால் குடித்தால் வயிறு உப்பும் என்பது வேறு, உடம்பு தடித்து மூச்சு வாங்கும் அலர்ஜி வேறு. நான் சொல்வது இரண்டாவதை. ஸியோமினில் டாக்ஸினோடு ஒட்டிவரும் துணைப் புரதங்களை நீக்கியிருப்பார்கள். அடிக்கடி போடுகிறவர்களுக்கு உடம்பு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டு மருந்து பிடிக்காமல் போவது அரிதாக நடக்கும். அந்தக் கவலை உள்ள டாக்டர்கள் ஸியோமினைச் சொல்வதுண்டு. எந்த பிராண்டாக இருந்தாலும் மூன்று மாதத்துக்குள் மறுபடி மறுபடி போட்டுக்கொள்ளாமல் இருப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

டாக்ஸிஃபை அதிக நாள் நிற்கும் என்று பெயர் வாங்கியது. சோதனைகளில் பாதிப் பேருக்கு 24 வாரமோ அதற்கு மேலோ நின்றிருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அதைப் பற்றிப் பேசினால், ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பிடிக்காத விளைவு வந்தாலும் அதுவும் அதிக நாள் நிற்கலாம். முதல் தடவை போடுகிறவர்களுக்கு மூன்று நான்கு மாத மருந்தே நல்லது என்பது என் கருத்து.

கிளினிக்கில் எதைப் பார்ப்பது

பெட்டியையும் குப்பியையும் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், ஒழுங்கான இடத்தில் நாங்களே எடுத்துக் காட்டுவோம். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் பெட்டியிலும் குப்பியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முடிந்தால் உங்கள் முன்னாலேயே கலக்கச் சொல்லுங்கள். போடாக்ஸ் குப்பிக்குள் வெற்றிடம் இருக்கும். ஊசியை ரப்பரில் குத்தியதும் சலைனை அது தானாக உள்ளே இழுக்கும். இழுக்காவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப்போட வேண்டும். எனக்கு ஒரு தடவை அப்படி நடந்தது. விலையை நினைத்தால் வயிறு கலங்கியது, ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு ஒதுக்கினேன். முன்பே கலந்து வைத்தது என்றால் எப்போது கலந்தது என்று கேளுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதே போடாக்ஸ் குறிப்பு.

பார்லரிலும், யாரோ வீட்டுக்கு வந்தும் போடுகிற ஊசி வேண்டவே வேண்டாம். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் 11 மாநிலங்களில் 22 பெண்கள் போலி போடாக்ஸாலும், பயிற்சி இல்லாதவர்களோ, வீடு போன்ற இடங்களிலோ போட்ட ஊசியாலும் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி அறிவித்தது. அவர்களில் பாதிப் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இது விஷத்தை அளந்து செய்த மருந்து. அந்த அளவு தெரிந்தவர் கையில்தான் இருக்க வேண்டும்.

உங்களைப் பற்றி டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை உண்டு. மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற நரம்பு–தசை நோய், கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக், ஊசி போடும் இடத்தில் சீழ்க்கட்டி, முன்பு எந்த மாதம் இதே ஊசி போட்டீர்கள் என்பது. ஐம்பதைத் தாண்டியவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். இமை கனத்து, நெற்றியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், நெற்றியில் நிறையப் போட்டதும் புருவம் இறங்கிக் கண்ணே சின்னதாகிவிடும். அண்ணிக்கு 52 வயது, அவருக்கும் இதே பழக்கம். எங்கள் டாக்டர் நெற்றியை விட்டுவிட்டுப் புருவ மத்தியில் மட்டும் போடலாம் என்றார்.

போட்ட பிறகு

நான்கு மணி நேரம் படுக்காதீர்கள், குனிந்து வேலை செய்யாதீர்கள், போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். அன்று கோயிலுக்குப் போனால் நின்றபடி கும்பிடுங்கள், நெற்றி தரையில் பட விழ வேண்டாம். எண்ணெய்க் குளியல், ஃபேஷியல், தலை மசாஜ், ஜிம் எதுவும் மறுநாள் வரைக்கும் கிடையாது. நெற்றியை இறுக்குகிற ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டி வீட்டுக்குப் போகாமல், முடிந்தால் ஆட்டோவில் போங்கள்.

ஓரிரு நாளில் பிடிக்கத் தொடங்கும், முழு விளைவு இரண்டு வாரத்தில். அதற்குள் “பத்தலை” என்று இன்னொரு ஊசிக்கு ஓடாதீர்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னால் போட்டுவிடுங்கள். 14-ஆம் நாள் பார்த்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

சிலருக்கு ஒரு பக்க இமை இறங்கும். பயமாக இருக்கும், ஆனால் வாரங்களில் சரியாகும், அதுவரை டாக்டர் சொட்டு மருந்து கொடுப்பார். விழுங்கச் சிரமம், பேச்சு குழறல், மூச்சு வாங்குவது, உடம்பே தளர்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன மருந்து போட்டது என்ற சீட்டை எடுத்துப் போங்கள்.

அண்ணி ஜனவரியில் எங்கள் கிளினிக்கில் போட்டுக்கொண்டார். போடாக்ஸ், 20 யூனிட், புருவ மத்தி மட்டும். குப்பி ஸ்டிக்கரை அவருடைய டைரியில் ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே ஜன்னல் பக்கம் நின்று முறைத்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். 14-ஆவது வாரப் போட்டோவில்தான் கோடு லேசாகத் திரும்பியிருக்கிறது. அடுத்த தடவை டிஸ்போர்ட் போட்டுப் பார்க்கலாமா என்று நேற்று கேட்டிருந்தார். அவருக்குப் பால் அலர்ஜி கிடையாது. போடலாம், டாக்டர் 50 யூனிட் என்று எழுதினால் பயப்படாதீர்கள் என்று பதில் போட்டேன்.